கம்பைலருக்கு நாம் கொடுக்கும் வாக்கு

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து சித்தி மகன் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அக்கா, பழைய பிசி ஒண்ணு வாங்கியிருக்கேன். ரைசன் 5600, பதினாறு ஜிபி ராம். ஜென்டூ போடப் போறேன். எந்த ஜிசிசி வைக்கணும்? ஓ3 போடலாம்லா?"

"ஸ்டேபிள்ல எது வருதோ அதையே வை. ஓ2 போதும்டா. ஏன்னு விரிவா எழுதுறேன்" என்று பதில் போட்டேன். எழுத உட்கார்ந்தால் 2006-இலிருந்து பட்டதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. அவனுக்கு மட்டும் அனுப்புவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஜென்டூ தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது லினக்ஸில் ஒரு வகை. மனிதர் எழுதிய சோர்ஸ் கோடை ப்ராசஸர் ஓட்டக்கூடிய பைனரியாக மாற்றுவது கம்பைலர்; ஜிசிசி அப்படி ஒரு கம்பைலர். ஸ்டேபிள் என்பது ஜென்டூக்காரர்கள் சோதித்துச் சரி என்று குறித்த வெர்ஷன். உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் வேறு யாரோ கம்பைல் செய்து வைத்த பேக்கேஜ் அப்படியே நம் கணினியில் வந்து இறங்கும். ஜென்டூவில் வருவது சோர்ஸ் கோடு. போர்ட்டேஜ் என்ற கருவி அதை நம் வீட்டிலேயே, நாம் வைத்திருக்கும் கம்பைலரால், நாம் எழுதிவைத்த ஃபிளாக்குகளோடு, அதாவது கம்பைலருக்கான குறிப்புகளோடு, கட்டித்தரும். எவ்வளவு ஆப்டிமைஸ் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஓ1, ஓ2, ஓ3 எல்லாம் அப்படிப்பட்டவை. அந்த ஃபிளாக்குகள் மேக்.கான்ஃப் என்ற ஒரு சின்ன ஃபைலில் இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் பாதிப் பேர் ஜென்டூவுக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

ஜென்டூ பிறந்த கதையிலேயே கம்பைலர் இருக்கிறது. டேனியல் ராபின்ஸ் 1999-இல் ஈனாக் என்ற பெயரில் ஒரு லினக்ஸ் செய்துகொண்டிருந்தார். அப்போது ஜிசிசியிலிருந்து பிரிந்து ஈஜிசிஎஸ் என்று ஒரு கிளை இருந்தது. அதைப் போட்டுக் கட்டிப் பார்த்தபோது வேகம் கூடியது. ஈனாக் ஜென்டூ ஆனது அந்தச் சமயத்தில்தான். ஜென்டூ என்பது பென்குவின்களிலேயே மிக வேகமாக நீந்தும் இனத்தின் பெயர். அப்புறம் ஈஜிசிஎஸ்ஸில் நடந்த வேலைகள் ஜிசிசி 2.95-க்குள்ளேயே வந்துசேர்ந்தன, அந்த வேகம் எல்லா லினக்ஸுக்கும் கிடைத்தது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த வேகத்தைக் கொண்டுவந்தது ஃபிளாக் இல்லை, கம்பைலர்.

2006-இல் என்னிடம் இருந்தது ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி. அந்த வருடம் வந்த ஜென்டூ 2006.1 ஜிசிசி 4.1.1-ஐக் கொண்டுவந்தது. என் மேக்.கான்ஃபில் ஓ3, ஃபன்ரோல்-லூப்ஸ், ஒமிட்-ஃபிரேம்-பாயின்டர், ஃபாஸ்ட்-மேத் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று கேட்டிருந்தால் ஒமிட்-ஃபிரேம்-பாயின்டர் ஒன்றைத்தான் என்னால் சொல்லியிருக்க முடியும். 32 பிட் ப்ராசஸரில் ரெஜிஸ்டர்கள், அதாவது கணக்கிடும் எண்களைக் கையோடு வைத்துக்கொள்ளும் இடங்கள், குறைவு. ஒன்றை மிச்சம் பிடித்துக் கொடுத்தால் அதற்கு உண்மையிலேயே பலன் இருந்தது. இன்றைய 64 பிட்டில் கம்பைலர் அதைத் தானாகவே செய்துவிடுகிறது.

ஃபாஸ்ட்-மேத் என்ன செய்யும் என்பது 2009-இல் தெரிந்தது. அப்போதுதான் நம் பக்கத்து மழைமானித் தரவைக் கூட்டிச் சராசரி எடுக்க சி-யில் ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். அளவு பதிவாகாத நாட்களை நேன் என்று, அதாவது 'எண் இல்லை' என்று, குறித்துவைப்பேன். கூட்டும்போது நேன் வந்தால் தாண்டிப்போ என்று ஒரு வரி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வேகமாகட்டும் என்று மேக்.கான்ஃபில் இருந்த ஃபிளாக்குகளை அப்படியே என் ப்ரோக்ராமைக் கட்டும் மேக்ஃபைலுக்கும் எடுத்துப் போட்டேன். மாஞ்சோலையின் வருடச் சராசரி கேட்டால் பதில் நேன். பாபநாசத்துக்கும் நேன். தரவில்தான் தப்பு என்று மூன்று நாள் தாள்தாளாகப் புரட்டினேன்.

தப்பு தரவில் இல்லை. ஃபாஸ்ட்-மேத் போட்டால், "இந்த ப்ரோக்ராமில் நேன் என்ற ஒன்று வரவே வராது" என்று கம்பைலருக்கு நாம் வாக்குக் கொடுத்ததாகப் பொருள். கம்பைலர் அதை நம்பியது. வரவே வராத ஒன்றை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று என் சோதனை வரியையே எடுத்துவிட்டது. அது செய்தது முழுக்க நியாயம்.

அன்றிலிருந்து ஃபிளாக்குகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. நாம் "வேகமாக்கு" என்று கட்டளையிடுவதாக நினைக்கிறோம். உண்மையில் நாம் வாக்குத்தான் கொடுக்கிறோம். அதுவும் ஜென்டூவில் நாம் எழுதாத நூற்றுக்கணக்கான ப்ரோக்ராம்களுக்காக, அவற்றை எழுதியவர்களிடம் கேட்காமலே, அவர்கள் சார்பில் கொடுக்கிறோம். எழுதியவர் நேன் வரும் என்று நினைத்து எழுதியிருப்பார். நாம் வராது என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

ஃபாஸ்ட்-மேத்தின் கதை அதோடு முடியவில்லை. ஜிசிசி 13 வருவதற்கு முன்பு, பல ப்ரோக்ராம்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஷேர்டு லைப்ரரியை ஃபாஸ்ட்-மேத்தோடோ, அதையும் உள்ளடக்கிய ஓ-ஃபாஸ்ட்டோடோ கட்டினால், லோடு ஆகும்போதே அது ப்ராசஸரின் கணக்கு முறையை மாற்றிவிடும். மிக மிகச் சிறிய எண்கள் பூஜ்ஜியமாகிவிடும். மாறுவது அந்த லைப்ரரிக்கு மட்டும் இல்லை, அதை இழுத்துக்கொண்ட ப்ரோக்ராமுக்கே மாறும். கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத சில பைத்தான் பேக்கேஜ்கள் இப்படிக் கட்டப்பட்டிருந்தது 2022-இல் வெளியே வந்தது. ஜிசிசி 13-இல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். நேன் வராது என்ற வாக்கு மட்டும் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எனவே தம்பி, ஓ-ஃபாஸ்ட்டை மேக்.கான்ஃபில் எழுதாதே. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

சரி, ஓ3. இது ஆபத்தான ஃபிளாக் இல்லை, பலன் அவ்வளவாக இல்லாத ஃபிளாக். ஃபங்ஷன்களை அதிகமாக விரித்து உள்ளே சேர்க்கும், லூப்புகளைப் பெரிதாக்கும். கோடு பருத்தால் ப்ராசஸரின் கேஷில், அதாவது அதன் பக்கத்திலேயே இருக்கும் சின்ன வேகமான மெமரியில், இடம் அடைபடும், ஒரு பக்கம் கிடைத்தது மறுபக்கம் போய்விடும். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட்சிங்கரும் பெர்கரும் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு ப்ரோக்ராம் மெமரியில் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதே வேகத்தை மாற்றும் என்பதால், அந்த இடத்தை ஓடும்போதே கலைத்துக் கலைத்துப் போட்டு அளந்தார்கள். ஜிசிசி போன்ற இன்னொரு கம்பைலரான எல்எல்விஎம்மில் ஓ1-லிருந்து ஓ2-வுக்குப் போனால் தெளிவான பலன் இருந்தது. ஓ2-லிருந்து ஓ3-க்குப் போனால் வந்த வித்தியாசத்தைத் தற்செயலான ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. என் மழைக் கணக்கை நானும் ஓ2-விலும் ஓ3-யிலும் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒரே பைனரியை அடுத்தடுத்து ஓட்டினாலே நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும். ஓ2-வுக்கும் ஓ3-க்கும் இருந்த வித்தியாசம் அதைத் தாண்டவில்லை.

இன்னொன்று. ஓ3-க்காக வாதாடியவர்கள் அந்த நாளில் சொன்ன பெரிய காரணம் வெக்டரைசேஷன், அதாவது பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடுவது. 2022-இல் வந்த ஜிசிசி 12-லிருந்து, நிச்சயமாக லாபம் என்று தெரியும் இடங்களில் ஓ2-வே அதைச் செய்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன்பு எழுதிய அறிவுரையை இன்றைய கம்பைலருக்கு எடுத்துப்போடக் கூடாது.

இனி மார்ச்-நேட்டிவ். மாதத்தின் பெயர் இல்லை. மெஷின் ஆர்க்கிடெக்சர் என்பதன் சுருக்கம். "இந்தக் கணினியில் இருக்கும் ப்ராசஸருக்கு என்னென்ன கட்டளைகள் தெரியுமோ அத்தனையும் பயன்படுத்திக்கொள்" என்று பொருள். நான் போடச் சொல்லும் ஒரே கூடுதல் ஃபிளாக் இதுதான். ஆனால் இதற்குள்ளும் ஒரு வாக்கு இருக்கிறது. இந்த பைனரி வேறு எந்தக் கணினியிலும் ஓட வேண்டியதில்லை, ஓட்டவும் மாட்டேன் என்ற வாக்கு.

2019 ஐப்பசியில் ஒரு இடியில் என் டெஸ்க்டாப் மதர்போர்டு போய்விட்டது. ஹாஸ்வெல் ப்ராசஸர், எல்லாம் நேட்டிவில் கட்டியது. எஸ்எஸ்டி தப்பித்துவிட்டதே என்று அதைக் கழற்றி என் பழைய திங்க்பேட் எக்ஸ்220-இல் மாட்டினேன். லினக்ஸின் மையமான கெர்னல் ஏறியது. அது மேக்.கான்ஃப் ஃபிளாக்குகளைப் பார்ப்பதில்லை, தனக்கென்று வேறு வைத்திருக்கிறது. ஏறிய கெர்னல் முதல் ப்ரோக்ராமான இனிட்டைக் கூப்பிட்ட நொடியில் பேனிக், எல்லாம் நின்றுவிட்டது. கடைசி வரியில் எக்ஸிட்கோடு 4. நாலாம் நம்பர் சிக்னல் என்றால் ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை. எக்ஸ்220-இல் இருப்பது ஹாஸ்வெல்லுக்கு முந்தைய சாண்டி பிரிட்ஜ். அதற்கு ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு தெரியும், ஏவிஎக்ஸ்2 தெரியாது, பிஎம்ஐ தெரியாது. ஹாஸ்வெல்லுக்காகக் கட்டினால் ஜிசிசி பிஎம்ஐ2-ஐ சாதாரண ஷிஃப்ட் செய்யும் வரிகளில்கூடப் போட்டுவிடும், ஆகவே கட்டளைகளைத் தட்டும் பாஷே ஓடாது. யுஎஸ்பியில் பூட் செய்து, எஸ்எஸ்டியில் இருந்த சிஸ்டத்துக்குள் க்ரூட் பண்ணிப் போய்ப் பார்த்தேன். உள்ளே இருக்கும் பாஷும் அதே ஹாஸ்வெல் பாஷ்தானே, அதுவும் விழுந்தது. கடைசியில் அமைப்புகள் இருக்கும் ஈடிசி, ஹோம், போட்ட பேக்கேஜ்களின் பட்டியலான வேர்ல்டு ஃபைல் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, எல்லா 64 பிட் ப்ராசஸருக்கும் பொதுவாகக் கட்டிய அடிப்படை சிஸ்டமான ஸ்டேஜ்3-ஐ இறக்கி, முதலிலிருந்து கட்டினேன். எக்ஸ்220-இல் அது எத்தனை ராத்திரி என்று எண்ணவில்லை.

இப்போது டெஸ்க்டாப், எக்ஸ்220 இரண்டுக்கும் பொதுவாக எக்ஸ்86-64-வி2 என்று போடுகிறேன். 64 பிட் ப்ராசஸர்களுக்குத் தெரிந்த கட்டளைகளைப் படிபடியாகப் பிரித்ததில் அது இரண்டாம் படி, வி3 அடுத்த படி. எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. காரணம் இருக்கிறது. சி லைப்ரரியான ஜிலிப்சியின் மெம்காப்பி, எஃப்எஃப்எம்பெக், ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவை ஓடும் நேரத்தில் ப்ராசஸரைப் பார்த்து, கையால் எழுதிய அசெம்ப்ளியில் பொருத்தமானதைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. நாம் என்ன ஃபிளாக் போட்டாலும் போடாவிட்டாலும், ப்ராசஸருக்குத் தெரிந்தால் அங்கே ஏவிஎக்ஸ்2 ஓடும். அதிகம் உழைக்கும் இடங்களுக்கு ஏற்கெனவே வேலை முடிந்துவிட்டது. நேட்டிவ் உதவுவது என் மழைக் கணக்கு மாதிரி, யாரும் அசெம்ப்ளி எழுதித்தராத சொந்தக் கணக்குகளுக்கு.

அங்கேயும் கவனம் வேண்டும். அதே தரவு, அதே ப்ரோக்ராம், டெஸ்க்டாப்பில் ஒரு விடை, எக்ஸ்220-இல் கடைசி இலக்கம் வேறு. ஹாஸ்வெல்லில் எஃப்எம்ஏ என்று ஒரு கட்டளை உண்டு. பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துச் செய்து, ஒரே ஒரு முறை ரவுண்ட் செய்யும். சாண்டி பிரிட்ஜில் அது கிடையாது, இரண்டு முறை ரவுண்ட் ஆகும். ஜிசிசி யாரையும் கேட்காமல் எஃப்எம்ஏவைப் போட்டுக்கொள்ளும். இரண்டு விடையில் ஹாஸ்வெல்லுடையது உண்மைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே என்று வாதிடலாம். எனக்கு வேண்டியது இரண்டு கணினியிலும் ஒரே விடை. எஃப்பி-கான்ட்ராக்ட் ஆஃப் என்று போட்டபின் ஒத்துப்போயின.

எல்டிஓ பற்றி அவன் கேட்கவில்லை, ஆனால் கேட்பான். எல்லா ஃபைலையும் சேர்த்துவைத்து ஒன்றாக ஆப்டிமைஸ் செய்வது அது. ஒரு ஃபைலில் ஃபங்ஷனை ஒரு டைப்பில் எழுதிவிட்டு இன்னொரு ஃபைலில் வேறு டைப்பில் அறிவித்திருந்தால், தனித்தனியாகக் கட்டும்போது தற்செயலாக ஓடிவிடும். சேர்த்துப் பார்க்கும்போது பொய் வெளியே வரும். முதல் வருடம் வேண்டாம்டா.

ராமும் சூடும் கம்பைலர் விஷயத்தோடு சேர்ந்தவை. மேக்.கான்ஃபில் மேக்ஆப்ட்ஸ் என்ற வரியில், ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று ஜே போட்டு எழுதுவோம். ரைசன் 5600-இல் பன்னிரண்டு த்ரெட் இருக்கிறது என்று பன்னிரண்டு போடத் தோன்றும். ஒரு வேலைக்கு 2 ஜிபி என்பது ஜென்டூ கணக்கு, 16 ஜிபிக்கு எட்டுதான். மீறினால் வெப்கிட் கட்டும்போது ஸ்வாப்பில் போய் மாட்டிக்கொள்ளும். கத்திரி வெயிலில் பெரிய பேக்கேஜ்களை ராத்திரிக்கு வை. கட்டும்போது "இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று வந்தால் உடனே ஜிசிசியைக் குற்றம் சொல்லாதே. மறுபடி ஓட்டு. அதே ஃபைலில் அதே வரியில் விழுந்தால் கம்பைலர் பக்; ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் ராமோ சூடோ பவர் சப்ளையோ. செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒரு ராம் ஸ்டிக்கை நான் அப்படித்தான் பிடித்தேன், மெம்டெஸ்ட் ஒரு ராத்திரியில் உறுதிசெய்தது. மற்ற வேலைக்கெல்லாம் அந்த ஸ்டிக் எந்தக் குறையும் காட்டியதில்லை. ஜிசிசி மாதிரி ராமைச் சலித்தெடுக்கும் அன்றாட ப்ரோக்ராம் வீட்டுக் கணினிகளில் அரிது.

2012-இல் எங்கள் பக்கம் கரண்ட் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. போர்ட்டேஜிடம் எமெர்ஜ் ரெஸ்யூம் என்று சொன்னால் வரிசையில் விட்ட பேக்கேஜிலிருந்து தொடரும், ஆனால் அந்தப் பேக்கேஜ் முதலிலிருந்து. லிப்ரே ஆபீஸ் ஒரு மணி நேரத்துக்குள் அடங்காது. நான்கு முறை முயன்றுவிட்டு லிப்ரே ஆபீஸ்-பின் போட்டுக்கொண்டேன். கட்டிவைத்ததை எடுத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை என்று அன்று புரிந்தது. 2023 டிசம்பர் கடைசியில் ஜென்டூவே பைனரி பேக்கேஜ்களை முழுவீச்சில் தர ஆரம்பித்தது. பொதுவான 64 பிட்டுக்கும் பின்னர் வி3-க்கும் உண்டு. உன் ரைசனுக்கு வி3 ஓடும். பெரியவற்றை அங்கிருந்து எடு, உனக்கு ஏதாவது மாற்ற வேண்டியதை மட்டும் கட்டு.

இப்போது முதல் கேள்வி, எந்த ஜிசிசி. நான் இவ்வளவு தாமதித்து இதற்கு வருவதற்குக் காரணம், இதுதான் உண்மையில் கனமானது. ஃபிளாக் நாம் கொடுக்கும் வாக்கு. கம்பைலர் வெர்ஷன் என்பது ப்ரோக்ராமை எழுதியவர்கள் கொடுத்த வாக்கைக் கம்பைலர் எவ்வளவு கண்டிப்பாகப் படிக்கிறது என்பது. ஜிசிசி வருடத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் விடுகிறது; புள்ளி 1 என்று வருவதுதான் முதல் வெளியீடு. ஒவ்வொன்றும் கொஞ்சம் இறுக்கும். ஜிசிசி 5-இல் சி++ லைப்ரரியின் ஸ்ட்ரிங் உள்ளமைப்பு மாறியது, பாதி சிஸ்டத்தை மறுபடி கட்டினோம். ஜிசிசி 10-இல் ஒரே குளோபல் வேரியபிளை எக்ஸ்டர்ன் என்று குறிக்காமல் இரண்டு ஃபைலில் அறிவித்தால் லிங்க் ஆகாது என்றார்கள்.

2024 மே மாதம் வந்த ஜிசிசி 14 தான் பெரியது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அதுவரை எச்சரிக்கை, இப்போது எரர். சரியான முடிவுதான். ஆனால் எரர் வந்து நின்றுபோகும் பேக்கேஜ் பிரச்சினையே இல்லை, கண்ணுக்குத் தெரியும். நிற்காததுதான் பிரச்சினை. கட்டுவதற்கு முன்பு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் சின்னச் சின்ன டெஸ்ட் ப்ரோக்ராம்களைக் கம்பைல் செய்து, "இந்த சிஸ்டத்தில் இந்த வசதி இருக்கிறதா" என்று பார்க்கும். அந்த டெஸ்ட்டையே 1990-களில், ஃபங்ஷனை அறிவிக்கும் ஹெடரைச் சேர்க்காமல் எழுதியிருந்தால், புதிய கம்பைலர் அதைத் தள்ளிவிடும். ஸ்கிரிப்ட் "வசதி இல்லை" என்று முடிவுகட்டி, அதை விட்டுவிட்டு மீதியைக் கட்டும். எரர் இல்லை, எல்லாம் பச்சை. பேக்கேஜில் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். ஜென்டூ டெவலப்பர்கள், எல்எல்விஎம்மின் சி கம்பைலரான க்ளாங்கின் 16-ஆம் வெர்ஷன் காலத்திலிருந்தே இப்படிப்பட்ட ஸ்கிரிப்டுகளைத் தேடித் தேடித் திருத்தினார்கள். ஜென்டூவில் ஒரு ஜிசிசி ஸ்டேபிள் ஆகத் தாமதமானால், இந்த வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த உழைப்புக்கு முன்னால் என் அவசரம் ஒன்றும் இல்லை.

அதற்காகப் பழையதிலேயே ஒட்டிக்கொள்ளவும் கூடாது. நேட்டிவ் என்று சொன்னாலும், உன் ப்ராசஸரைக் கம்பைலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் ரைசன் ஜென் 3 தலைமுறை; அதை ஜிசிசி 10.3-லிருந்துதான் தெரியும், ஜென் 5-க்கு அதைவிடப் புதியது வேண்டும். ஸ்டேபிளில் இருப்பது உனக்குத் தாராளம். ஜென்டூவில் இரண்டு ஜிசிசி பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், ஜிசிசி-கான்ஃபிக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். புதியது வந்ததும் பழையதை உடனே அழித்துவிடாதே. ஆனால் முன்னே போவது மாதிரி பின்னே வருவது சுலபம் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்: புதியதில் கட்டிய சி++ ப்ரோக்ராம் பழையதன் லைப்ரரியோடு ஓடாமல் போகலாம். ஏதாவது ஒரு பேக்கேஜ் மட்டும் அடம்பிடித்தால் பேக்கேஜ்.என்வி என்ற ஃபைலில் அதற்கு மட்டும் தனி ஃபிளாக் எழுது, மொத்த சிஸ்டத்தையும் மாற்றாதே.

ஆக, உன் வரியில் மூன்றே மூன்று: ஓ2, பைப், மார்ச்-நேட்டிவ். டிஸ்க்கை வேறு கணினிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் நேட்டிவுக்குப் பதில் வி3. பைப்பைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை, தற்காலிக ஃபைல் எழுதாமல் நேராக அனுப்பும், அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15-ஐ எக்ஸ்220-இல் ஒரு ஓரமாகப் போட்டுப் பார்த்தேன். அதில் எதுவும் சொல்லாவிட்டால் சி23, அதாவது சி மொழியின் புதிய தரம். முதலில் விழுந்தது 2009-இல் நான் எழுதிய மழை ப்ரோக்ராம். "டைப்டெஃப் இன்ட் பூல்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். சி23-இல் பூல் மொழிக்குச் சொந்தமான சொல், நான் அதற்கு வேறு அர்த்தம் கொடுக்க முடியாது. இரண்டு இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதாமல் ஃபங்ஷனை அறிவித்துவிட்டு மூன்று மதிப்பு அனுப்பியிருக்கிறேன், அதையும் பிடித்தது. பதினாறு வருடமாக எந்த வெர்ஷனும் கேட்காத கேள்வி. திருத்திவிட்டேன். பழைய ஜிசிசியில் கட்டியதையும் புதியதில் கட்டியதையும் ஒரே தரவில் ஓட்டி டிஃப் எடுத்தேன், பாபநாசம் வரை ஒரு இலக்கம்கூட மாறவில்லை. மாஞ்சோலையின் பழைய வருடங்கள் மட்டும் பாக்கி, அந்த ஃபைலில்தான் நேன் அதிகம். இன்று ராத்திரி ஓட்டிப் பார்க்க வேண்டும்.